‘யக்கோவ்’ என்று விழுந்தவர்

காசிமேடு, ராயபுரம்,
மதராஸ்.
ஐப்பசி மாதம், வெள்ளிக்கிழமை.

கோயம்புத்தூரில் சினிமாவில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரர் தாமோதரன் அவர்களுக்கு, சொக்கம்மாள் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே அத்தை, நான், பாப்பா மூவரும் இருக்கிறோம். நலமறிய ஆவல் என்று ஒரு வரியில் முடித்துவிட இந்தத் தடவை எனக்கு மனசில்லை. வயிறு பற்றி எரிகிறது. கோபமாகத்தான் எழுதுகிறேன், கோபமாகவே படியுங்கள்.

கடல் ஒரு வாரமாகச் சரியில்லை. கட்டுமரம் எல்லாம் கரையில்தான் கிடக்கிறது. அத்தை மட்டும் பழவேற்காட்டு மீனை வாங்கி வண்ணாரப்பேட்டைக்குக் கூடை சுமக்கிறார்கள். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. நைனா வந்தால் காட்ட வேண்டும் என்று அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் நடித்த கொலைப் படம் திருவொற்றியூர் டெண்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டது. அத்தை குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டு, தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்குப் போவதுபோல் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாளும் கூட வந்தாள். மணலில் முன்வரிசையிலேயே உட்கார்ந்தோம். நீங்கள் மீசையை முறுக்கிக்கொண்டு ‘அடே துரோகி, உன்னை உயிரோடு விடேன்’ என்று பண்டிதர் மாதிரி பேசியபோது அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ‘இன்னாடி இது, எம் புள்ள வாயில இம்மாந் தமிழா’ என்று என் தொடையில் கிள்ளினார்கள்.

அப்புறம் அந்த இடம் வந்தது. அந்தக் கதாநாயகன் உங்களைக் கத்தியால் குத்தினான். ஒரு குத்தோடு விட்டானா பாவி, பிடுங்கிப் பிடுங்கிக் குத்தினான். சட்டையெல்லாம் ரத்தம். பிறகு மாடியிலிருந்து கீழே தள்ளினான். இடது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ள நீங்கள் விழுந்தீர்கள். விழும்போது ‘யக்கோவ்’ என்று கத்தினீர்கள். கொட்டகையே எழுந்து விசிலடித்தது.

அத்தையும் எழுந்துவிட்டார்கள். ‘ஐயோ, எம் புள்ள கை ஒட்ஞ்சி பூட்ச்சே, தூக்குங்கடா அவன’ என்று திரையைப் பார்த்து நடந்தார்கள். பின்னால் இருந்தவன்கள் ‘ஏ கெய்வி, மறைக்குது, குந்து’ என்று கூச்சல் போட்டான்கள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்து, அது சாயம் அத்தே, நடிப்பு அத்தே என்று அதட்டி உட்கார வைத்தேன். ‘அது நடிப்பு இல்லடி, என்ன கூப்ட்டான்டி’ என்று வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாளிலிருந்து ஊரெல்லாம் இதே பேச்சு. டீக்கடை ராசையா, ‘துட்டு குட்த்து வர்றவன் ரத்தம் பாக்கத்தான் வர்றான், வாணாம்னா கோயிலுக்குப் போவட்டும்’ என்றாராம். உங்களோடு குத்துச்சண்டை பழகிய அப்துல் வஹாப் பாய், ‘கொயந்தைங்க பாக்குற எடத்துல இத்தக் காட்றது கலீஜ்பா, சர்க்கார் வெட்டணும்’ என்று அவரோடு சண்டைக்கே போய்விட்டார். கோவிந்தம்மாளைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டதாகச் சொல்கிறாள், ஆனால் விரல் சந்தில் பார்த்தாளாம். மில்லுக்குப் போகிற ஒருத்தன், நீங்கள் விழுந்தது அச்சு அசல், அதற்காகவே மூன்று தரம் பார்த்தேன் என்று என்னிடமே வந்து பல்லிளிக்கிறான். காட்டலாமா கூடாதா என்று இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்களே, விழுந்தவன் எழுந்தானா என்று ஒருத்தர் வாயிலிருந்தாவது வந்ததா? நாசமாய்ப் போக.

இன்னொன்றும் கேளுங்கள். தெருவில் இப்போது அதுதான் விளையாட்டு. அத்தை கூடையோடு போனால் எவனாவது சந்துக்குள் நின்றுகொண்டு ‘யக்கோவ்’ என்று கத்துகிறான். அத்தை ஒவ்வொரு தரமும் திரும்பிப் பார்க்கிறார்கள். கேலி என்று தெரிந்தும் திரும்புகிறார்கள். நேற்று நான் மீன் அரியும் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டே ஓடினேன். ஒருத்தனும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் இந்தக் கடிதத்தை ஜெயிலிலிருந்துதான் எழுதியிருப்பேன்.

எனக்கே சந்தேகம் வந்து முந்தாநாள் மறுபடி போனேன். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேட்டேன். கட்டுமரம் அலையில் புரண்டு உங்கள் கால்மேல் ஏறிய அன்றைக்குக் கரையில் நின்று கேட்டேனே, அதே சத்தம். மாமன்மார் எல்லாரும் அக்கா அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்து, பெற்ற தாயையே அக்கா என்று கூப்பிடுகிறவர் நீங்கள். அது அந்தக் கொட்டகையில் எவனுக்குத் தெரியும்? எவளோ அக்காளைக் கூப்பிடுகிறான் என்று சிரிக்கிறார்கள். படம் முழுக்க இலக்கணமாய்ப் பேசிய ஆள் விழும்போது மட்டும் காசிமேட்டு பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டால், அது எவன் எழுதிக் கொடுத்த வசனம்?

ஆடி மாதத்திலிருந்து உங்கள் கடிதத்தைச் சிநேகிதர் சுப்புராயன்தான் எழுதுகிறார். கை சுளுக்கு என்கிறார். நீங்கள் பீச்சாங்கைக்காரர். சோற்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான். உங்கள் பீச்சாங்கைக் குத்துக்கு வியாசர்பாடியே நடுங்கியது. ஆடியில் பிடித்த சுளுக்கு ஐப்பசி வரைக்குமா விடாது? என் காதில் என்ன பூவா வைத்திருக்கிறேன்? கை முறிந்ததென்றால் முறிந்தது என்று எழுதுவதற்கென்ன? எங்களுக்குச் சொல்லாமல், கொட்டகையில் ஊர் விசிலுக்கு நடுவில் உட்கார்ந்து நாங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உங்கள் முதலாளிமேல் எனக்கு இருக்கிற ஆத்திரத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. நிஜமாக ஒரு மனுஷன் எலும்பு முறிந்து கத்துகிறான், அதை வெட்டாமல் ஊர் ஊராய் ஓட்டுகிறானே, அவன் வீட்டில் அம்மா இல்லையா? நீங்கள் விழுந்ததும் ஓடிவந்து தூக்கினார்களா, மீதிப் படத்தையும் எடுத்து முடித்த பிறகு தூக்கினார்களா? சுப்புராயனை அதையாவது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

துடுப்புப் போட முடியாதே, வலை இழுக்க முடியாதே, எந்த முகத்தோடு குப்பத்துக்குப் போவது என்று நீங்கள் அங்கேயே குந்திக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். உங்களோடு குடித்தனம் பண்ணியவள் நான். கடலே வேண்டாம், ரிங்கும் வேண்டாம், அந்தச் சினிமா சனியனும் வேண்டாம். நான் கூடை தூக்குகிறேன். இந்தக் கடிதம் கண்டதும் ரயில் ஏறி வாருங்கள். கை எப்படி இருந்தாலும் அப்படியே வாருங்கள். பாப்பாவின் பல்லைப் பார்க்கக் கண் இருந்தால் போதும்.

திருவொற்றியூர் வடிவுடையம்மன் உங்களை வழியில் காப்பாற்றட்டும்.

கோபம் தணியாத உங்கள்
சொக்கம்மாள்

பின்குறிப்பு: அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தான் சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுத வேண்டுமாம். ‘நைனா, அன்னிக்கு நீ கூப்ட்டதும் நான் எய்ந்து வந்தேன்டா. இவங்கதான் என்னப் புட்ச்சி குந்த வச்சிட்டாங்கோ.’