எண்ணாமல் விட்ட இரவுகள்

4 டிசம்பர் 1905, கேம்பிரிட்ஜ்

இன்று பள்ளியில் பின்னங்கள். பாதிப் பெண்களுக்கு இருமல், மீதிப் பேருக்குச் சிரிப்பு. முடிந்ததும் ஈரக் குடையோடு கஸ்ஸியின் அறைக்குப் போனேன். அகஸ்டா வின்ட்டர் என்று கதவில் பெயர் இருக்கிறது, எனக்கு அவள் கஸ்ஸிதான். நாங்கள் படித்த அதே பெண்கள் கல்லூரியில் இப்போது கிரேக்கம் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பாடு. நான் ஊருக்குள் வாடகை அறையில் இருக்கும் கணக்கு டீச்சர்.

பட்டம் வாங்க அடுத்த வாரம் டப்ளின் போகிறேன் என்று சொன்னேன். கணப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"போயிட்டு வா ஃபீபி. பக்கத்து வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து வயிறு நெறஞ்சுதுன்னு சொல்லு."

சுருக்கென்றது. ஆனால் அவள் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் எழுதிய அதே பரீட்சையைத்தான் நாங்களும் எழுதினோம். அவர்கள் பட்டியலை வாசித்து முடித்த பிறகு எங்களுடையதைத் தனியாக வாசித்தார்கள். என் இடம் பதினெட்டாவது ஆணுக்கும் பத்தொன்பதாவது ஆணுக்கும் நடுவே. அவர்கள் இருவருக்கும் பட்டம் கிடைத்தது. நடுவில் இருந்தவளுக்குக் கைகுலுக்கல். எட்டு வருஷத்துக்கு முன்னால் பெண்களுக்கும் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுத்தபோது, சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைத் தெருவின் மேலே கட்டித் தொங்கவிட்டுவிட்டு, கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள்.

டப்ளின் விஷயம் வேறு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் மூன்றும் ஒன்றின் படிப்பை மற்றொன்று தன் படிப்பாகவே மதிப்பது நெடுநாள் மரியாதை. போன வருஷம் டப்ளின் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அந்த மரியாதைப்படி பார்த்தால் எங்களுக்கும் பட்டம் தர வேண்டும், தருகிறார்கள். அந்த விதியை எழுதிய மனிதர்களின் கனவில்கூட நாங்கள் வந்திருக்க மாட்டோம்.

கஸ்ஸிக்கு மெல்போர்னிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. அங்கே பெண்களுக்குப் புதிதாக ஒரு விடுதிக் கல்லூரி, இவள்தான் தலைவியாக வேண்டுமாம். ஒரே நிபந்தனை, பட்டதாரியாக இருக்க வேண்டும். அங்கே பெண்கள் பட்டம் வாங்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேம்பிரிட்ஜைப் பார்த்து வாசலைக் கட்டினார்கள், அங்கி தைத்தார்கள், சாப்பாட்டுக்கு முன்னால் லத்தீன் ஜெபம் வரை கொண்டுபோனார்கள். பெண்களை வெளியே நிறுத்துவதை மட்டும் காப்பியடிக்க மறந்துவிட்டார்கள்.

"டப்ளின் வா, மெல்போர்ன் போ. அவ்வளவுதானே கஸ்ஸி?"

"என் வீட்டுல குடுத்தா வாங்கிக்கறேன். இல்லேன்னா வேணாம்."

12 டிசம்பர், கப்பலில்

வயிற்றில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் வாந்தி வந்துகொண்டே இருக்கிறது.

14 டிசம்பர், டப்ளின்

ஆயிற்று. ஃபீபி காரட், பி.ஏ.

வாடகை அங்கி, எனக்கு முன்னால் போட்டவள் என்னைவிட ஒரு சாண் உயரம். மண்டபத்தின் மாடியிலிருந்து பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்குக் கேம்பிரிட்ஜ் பொம்மை ஞாபகம் வந்தது. ஆனால் நான் மண்டியிட்டுப் பட்டம் வாங்கி எழுந்து திரும்பியபோது அதே பையன்கள் கைதட்டினார்கள், மாடி அதிர அதிர. நாங்கள் கட்டும் கட்டணத்தில் இங்கே பெண்களுக்கு விடுதி கட்டப் போகிறார்கள் என்று பேச்சு. வெளியே ஒரு ஐரிஷ் அம்மாள், யார் எவர் என்று கேட்காமல் எனக்கும் என்னைப் போலவே பட்டம் வாங்கக் கப்பலில் வந்த மூவருக்கும் சூடாக சூப் கொடுத்தார். "கப்பல்ல வந்த பொண்ணுங்கதானே? மொகத்தப் பாத்தாலே தெரியுது. குடிங்க மொதல்ல."

அழுதுவிட்டேன். நன்றி சொல்லாமலே வந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நன்றி.

20 டிசம்பர்

கஸ்ஸி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடல் எப்படி இருந்தது என்றாள், ஐரிஷ் ரொட்டி நன்றாக இருக்குமாமே என்றாள். பட்டம்? மூச்சு விடலையே. நான் என்ன திருடிட்டா வந்தேன்? பதினஞ்சு வருஷ சிநேகிதம் — நல்லா இருடின்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் தேய்ஞ்சா போயிடும்?

25 டிசம்பர்

ஞாயமாக அவளோடு சாப்பிட வேண்டிய நாள். போகவில்லை.

7 ஜனவரி 1906

அவளே வந்தாள். குல்லாவைக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"எனக்குக் கெடைக்காது ஃபீபி. அதனாலதான் வேணாம்னேன்."

அவள் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கல்லூரியில் காய்ச்சல் பரவி எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். எனக்கு ஊருக்குள்ளேயே ஓர் அறை கிடைத்தது, கஸ்ஸி ஷெல்ஃபர்டில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனாள். தினம் ரயிலில் வந்து பாடம் கேட்டாள், பரீட்சையில் முதல் வகுப்பும் வாங்கினாள். ஆனால் இங்கே படிப்பு மட்டும் போதாது, ஒவ்வொரு பருவத்திலும் ஊருக்குள் தூங்கியும் இருக்க வேண்டும். நடு ஊரில் இருக்கும் பெரிய தேவாலயத்திலிருந்து இத்தனை மைலுக்குள் என்று கணக்கு. ஷெல்ஃபர்டு அந்த எல்லைக்கு வெளியே. ஆண்களாக இருந்தால் அந்த வாரமே கூப்பிட்டுச் சொல்லியிருப்பார்கள், அடுத்து ஒரு பருவம் தங்கி ஈடுகட்டியிருப்பார்கள். நாங்கள் பல்கலைக்கழகத்தில் சேர்த்தியே இல்லையே. எங்கள் இரவுகளை யார் எண்ணினார்கள்?

டப்ளின்காரர்கள் எண்ணுகிறார்கள். பட்டம் கேட்பவள் ஆணாக இருந்திருந்தால் கேம்பிரிட்ஜில் பட்டம் கிடைத்திருக்கும் என்று எங்கள் கல்லூரி கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கஸ்ஸிக்கு ஒரு பருவம் குறைகிறது.

"பட்டமே வேணாம்னு சொல்லிக்கிட்டா கௌரவமா இருந்துது. தூங்கின எடம் சரியில்லைன்னு எப்படிச் சொல்றது?"

சிரித்துவிட்டேன். முறைத்தாள், அப்புறம் அவளும் சிரித்தாள். எனக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் அறிவு இவளுடைய அறிவில் கால்வாசி. ஆனால் நான் பட்டதாரி, ஏனென்றால் எனக்குக் காய்ச்சல் காலத்தில் ஷெல்ஃபர்டில் அத்தை இல்லை.

9 ஜனவரி

கல்லூரிக்குள் அவள் எத்தனையோ வருஷமாகத் தூங்குகிறாள். ஆனால் அது ஆசிரியையின் தூக்கம், செல்லாது. மாணவியாகத் தூங்க வேண்டும். அப்படியென்றால் — மாணவியாகச் சேர்ந்தால் என்ன?

26 ஜனவரி

கஸ்ஸியைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு முதல்வரிடம் போனேன். அவர் நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஆசிரியை அதே கல்லூரியில மாணவியாச் சேரக் கூடாதுன்னு விதி இருக்கா?" என்றேன்.

"யாருக்கும் தோணினதில்ல. அதனால இல்ல." கண்ணைத் திறந்தார். "ஆனா ஒண்ணு மிஸ் வின்ட்டர். சேந்தா முழுசாச் சேரணும். அந்தப் பருவம் பாடம் எடுக்கக் கூடாது. வெளிய போகணும்னா அனுமதி, ராத்திரி கதவு மூடறதுக்குள்ள உள்ள. உங்களுக்குப் பொறுப்பாளர் மிஸ் பிம்."

மிஸ் பிம் கஸ்ஸியிடம் படித்த பெண். கஸ்ஸி முகம் போன போக்கை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். டப்ளின் இந்தச் சலுகையை அடுத்த வருஷத்தோடு நிறுத்தப்போகிறது, மெல்போர்னும் ஜூலை வரைதான் காத்திருக்கும். ஏப்ரலில் தொடங்கும் ஒரு பருவம்தான் மிச்சம்.

"சரி," என்றாள்.

28 ஏப்ரல்

மிஸ் வின்ட்டர் இன்று முதல் மாணவி. முதல் வகுப்பில் தேறியவள், மறுபடி முதலிலிருந்து.

10 மே

இங்கே ஒரு வழக்கம். புதிதாகச் சேர்ந்தவள் அறைக்கு மூத்த மாணவிகள் தாங்களே போய் அறிமுகச் சீட்டு வைக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று கேட்கும் உரிமையும் மூத்தவளுக்குத்தான், அதுவரை 'மிஸ்' தான். நேற்று மூன்றாம் வருஷப் பெண்கள் வரிசையாகக் கஸ்ஸியின் அறைக்கு வந்து சீட்டு வைத்திருக்கிறார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் ஒருத்தி இருமியே விட்டாளாம். கடைசியாக வந்த குண்டுப் பெண் நிமிர்ந்து நின்று கேட்டிருக்கிறாள்:

"உங்கள நான் அகஸ்டான்னு கூப்பிடலாமா?"

போன வருஷம் அவளுடைய கிரேக்கத்தைச் சிவப்பு மையால் குளிப்பாட்டியவள் கஸ்ஸி.

"நீ என்ன சொன்ன?"

"வழக்கம் வழக்கந்தானே. கூப்பிடுன்னேன்." மேசையில் கிடந்த சீட்டுகளை அடுக்கினாள். "நல்லாத்தான் இருக்கு ஃபீபி. ரொம்ப நாளா யாரும் என்கிட்ட இப்படி வந்து பேசல."

மிஸ் பிம் மட்டும் இன்னும் பயப்படுகிறாளாம். கஸ்ஸி வெளியே போக அனுமதி கேட்டால், "தாராளமா... அதாவது... நீங்க எது சொன்னாலும்..." என்று எழுந்து நிற்கிறாளாம்.

22 மே

ஷெல்ஃபர்டு அத்தைக்கு நெஞ்சில் சளி, டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். கஸ்ஸி பகலெல்லாம் அங்கே. சாயங்காலம் அத்தையை விட்டுவிட்டு வர வேண்டும். வராவிட்டால் பருவம் போயிற்று, மெல்போர்ன் போயிற்று. நான் ராத்திரி போய்ப் படுத்துக்கொள்கிறேன் என்றேன். எனக்குத்தான் எங்கே தூங்கினாலும் கேள்வியில்லையே, நான் பட்டதாரி.

கஸ்ஸி கேட்கவில்லை. "என்ன வளத்தவ அவ. பட்டமாவது மண்ணாவது," என்று குல்லாவைக் கழற்றிப்போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாள். 

அத்தைதான் சொன்னார், மூச்சு வாங்க வாங்க. "போன தடவையும் என் வீட்டுலதான் உனக்குக் கெட்டுது. இப்பவும் என் தலையிலயா போடப் போற? எழுந்து போடி. கணக்கு டீச்சர் இருக்கா, போதும்."

"அத்தை—"

"நான் சாகறதா இருந்தா பகல்ல சாகறேன். ரயிலுக்கு நேரமாச்சு."

போனாள். அவள் முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

24 மே

அத்தை கஞ்சி குடித்தார். உப்பில்லை என்று திட்டினார். கடவுளே, உனக்கு நன்றி.

31 மே

அத்தை எழுந்து உட்கார்ந்து, நான் நகர்த்திப் போட்ட கட்டிலைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னார்.

16 ஜூன்

பருவம் முடிந்தது. கல்லூரி கையெழுத்துப் போட்டது, எல்லா இரவும் கணக்கில். அந்தக் குண்டுப் பெண் ஓடி வந்து, "அகஸ்டா, தேறிட்டீங்க," என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனி அவள் 'மிஸ் வின்ட்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும்.

5 ஜூலை, டப்ளின்

கூடவே வந்தேன். இந்தத் தடவை கப்பலில் அவளுக்கு வாந்தி, நான் தெம்பாக இருந்தேன். மண்டியிட்டு எழுந்தபோது கஸ்ஸி என் பக்கம் பார்க்கவில்லை, கேம்பிரிட்ஜ் இருக்கும் திசையைப் பார்த்த மாதிரி இருந்தது. வெளியே வந்ததும் கையைப் பிடித்தாள்.

"டிசம்பர்ல நான் உன்ன ஒரு வார்த்தை வாழ்த்தல. நல்லா இருடி."

"இப்பவா?"

"இப்பத்தான் தெரியுது எப்படி இருக்கும்னு."

இந்த ஊருக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன். ஆனால் கேம்பிரிட்ஜுக்கும்தான், மறுக்க முடியாது. பத்தொன்பது வயதில் எனக்கு ஒரு கதவையும் கணப்பையும் கொடுத்து, யாரும் தொந்தரவு செய்யாதீர்கள், அவள் படிக்கிறாள் என்று சொன்ன ஊர் அது. அதுவரை எங்கள் வீட்டில் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. இவளையும் அங்கேதான் கண்டேன்.

18 ஆகஸ்ட்

கஸ்ஸி போய்விட்டாள். துறைமுகத்தில் கையை ஆட்டினேன், கப்பல் மறையும் முன்பே கை வலித்தது. அவளுக்குப் பட்டம் கிடைக்க அவ்வளவு பாடுபட்டவள் நான்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கு எங்கே போவது?

15 ஜனவரி 1907

முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "விதியக் கணக்கு மாதிரி போட்டீங்க அன்னிக்கு. இங்க வந்து கணக்கையே சொல்லிக்குடுங்களேன்." பள்ளியில் சொல்லிவிட்டேன். கோடையிலிருந்து கல்லூரியில் இருப்பு. எனக்கா இது?

9 அக்டோபர் 1907

புது மாணவிகள் வந்து இறங்குகிறார்கள், நடையெல்லாம் பெட்டி. என்னிடம் கணக்குப் படிக்க வந்தவர்களில் ஒருத்தி இஸபெல் முயர், மெல்போர்ன். கஸ்ஸியின் கல்லூரிப் பெண். ஏப்ரலில் அங்கே பட்டம் வாங்கிவிட்டு மேற்கொண்டு படிக்க வந்திருக்கிறாள். தேநீருக்குக் கூப்பிட்டேன். கையில் கறுப்பாக எதையோ மடித்துக்கொண்டு வந்தாள். விரித்தால் பட்டதாரி அங்கி.

"இதப் போட்டுக்கிட்டுத் தெருவுல போகலாமா மிஸ்?"

"கூடாது. பொண்ணுங்களுக்கு இங்க அங்கி கிடையாது."

"எனக்குப் பட்டம் இருக்கே."

"இருக்கு. இந்த ஊருல இல்ல."

விளையாடுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மிஸ் வின்ட்டர் சொல்லி அனுப்பியதைச் சொன்னாள். "'அங்க ஒனக்கு ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. ஆனா போய்ப் படி, அந்த மாதிரிப் படிப்பு வேற எங்கயும் கெடைக்காது. அங்கிய மட்டும் இங்கேருந்தே கொண்டுபோ. ஃபீபி பாக்கட்டும்'னாங்க."

அங்கியின் மடிப்பைத் தடவிப் பார்த்தேன். அறைக்குள் குளிர், போட்டுக்கொள் என்றேன். போட்டுக்கொண்டு, அங்கியோடு என் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியை வாட்டினாள். கஸ்ஸி அங்கே சத்தமாகச் சிரிப்பாளாம், பெண்களெல்லாம் அவள்மேல் உயிராம்.

நாளை காலை அவளுக்கு முதல் பாடம். பட்டதாரி ஒருத்திக்கு நான் பாடம் எடுப்பது இதுவே முதல் தடவை.