தானாக விழுந்த ‘தேவையில்லை’

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் கார் கம்பெனி, நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வகையை நிறுத்துவதற்கான அறிக்கையை நான்தான் எழுத வேண்டுமாம். பதினேழாம் தேதி நிர்வாகக் குழுவின் முன்னால் வைக்க வேண்டும். மேலாளர் வழக்கம்போல, "ஒரே பக்கத்துல முடிச்சிடுங்க" என்றார். எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரு பக்கம். அதனால் இந்த நோட்டில் மட்டும் அவர் பெயர் ‘ஒருபக்கம்’.

காரணங்கள் கைவசம் இருக்கின்றன. புதிய புகை விதிக்கு ஃபோர் வீல் வகையைத் தனியாகப் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். எடை அதிகம், மைலேஜ் குறைவு. தொழிற்சாலையில் அதற்கென்று தனி பாகங்கள். அடுத்து வரும் மாடலில் முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், ஆனால் ‘சேறு’, ‘மணல்’ என்று ஒரு பட்டன் இருக்கும். பாதிப்பேருக்கு அதுவே போதும். எல்லாவற்றுக்கும் மேலே, ஷோரூமுக்கு நூறு பேர் வந்தால் மூன்று பேர்தான் ஃபோர் வீல் கேட்கிறார்கள். மூன்று பேருக்காக யார் வண்டி செய்வார்கள்? நானே செய்ய மாட்டேன்.

மார்ச் 4, புதன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். அவள் கால்நடை மருத்துவர். மலைமேல் இருக்கும் பண்ணைகளுக்குப் பன்னிரண்டு வருஷமாக எங்கள் கம்பெனி ஃபோர் வீலில்தான் ஏறி இறங்குகிறாள். அது இனி தாங்காது. புதிது வாங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"யாருமே கேக்கலையா? போன மாசம் ஷோரூமுக்குப் போய் நான் கேட்டேனே! நான் என்ன ஆளே இல்லையா?"

"அந்த மூணு பேர்ல நீ ஒருத்தி, அக்கா" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

அவளைச் சீண்டலாம் என்றுதான் ஷோரூம்களில் வண்டி விசாரித்தவர்களின் பட்டியலில் அவள் நம்பரைத் தேடினேன். இருந்தது. பெயர், ஷோரூம், தேதி எல்லாம் சரி. ஃபோர் வீல் கட்டத்தில் மட்டும்: தேவையில்லை.

மூன்று தடவை படித்தேன்.

ஷோரூம் விற்பனையாளரைக் கூப்பிட்டேன். "மேடம், நான் அதுல எதுவும் போடலையே. அவங்க கேட்டாங்க. வண்டி வர நாலு மாசம் ஆகும்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு போயிட்டாங்க. யோசிக்கிறவங்களுக்கு என்ன போடறதுன்னு தெரியல, அப்படியே விட்டுட்டேன்."

அப்படியே விட்டால் காலியாகத்தானே இருக்க வேண்டும்?

மார்ச் 7, சனி

பல் தேய்க்கும்போது ஞாபகம் வந்தது. அந்தப் படிவத்தைச் செய்ததே நான்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால். ஒருபக்கத்துக்குக் காலிக் கட்டத்தைக் கண்டாலே ஆகாது, "என்ன இது, ஓட்டை ஓட்டையா?" என்பார். அதனால் நிரப்பாமல் விட்டால் ‘தேவையில்லை’ என்று தானாக விழும்படி வைத்தேன். பாராட்டினார். பூரித்துப் போனேன்.

ச்சே. என் புத்தி எங்கே போச்சு?

மார்ச் 9, திங்கள்

‘தேவையில்லை’ என்று விழுந்தவர்களில் நூறு பேரைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினேன். நானே ஒவ்வொருவரையும் கூப்பிடப் போகிறேன்.

மார்ச் 12, வியாழன்

தொண்டை கட்டிவிட்டது. எழுபத்தொரு பேர் போனை எடுத்தார்கள்.

"ஏங்க, எல்லாக் காருக்கும் நாலு சக்கரம்தானே?" என்றார் ஒருவர். "மலையா? நான் மளிகைக் கடைக்குத்தாங்க போறேன்" என்றார் ஓர் அம்மா. இவர்களுக்கு உண்மையிலேயே தேவையில்லை. அதையும் எழுதிக்கொண்டேன். எனக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் பழைய படிவத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

ஆனால் ஏழு பேர் ஃபோர் வீல் கேட்டே வந்தவர்கள். அதில் ஒருவர் கல்குவாரிக்காரர். "வேண்டாம்னு யாருங்க சொன்னது? காத்திருக்க முடியல, இருந்ததை எடுத்துக்கிட்டேன். மழை வந்தா வண்டியைக் கீழே விட்டுட்டு நடக்கிறேன்."

மார்ச் 13, வெள்ளி

ஒருபக்கத்திடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"படிவம் யார் பண்ணினதுன்னு கேப்பாங்க."

"நான்தான் சார்."

"ஒப்புதல் கொடுத்தது யாருன்னும் கேப்பாங்க."

பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருப்பதை ஞாபகப்படுத்தினார். மிரட்டுகிற மாதிரி இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். எட்டு வருஷம் காத்திருந்த பதவி. எனக்கும் ஆசை இல்லாமலா? ஆனால் பொய்க் கணக்கை வைத்து அந்த வண்டியை நிறுத்த என் கையால் எழுத மாட்டேன். உண்மைக் கணக்கிலும் அது தோற்றால், அன்றைக்கு நானே எழுதித் தருகிறேன்.

மார்ச் 16, திங்கள்

பயமாக இருக்கிறது. சொல்லத்தான் போகிறேன்.

மார்ச் 17, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நிதிப் பிரிவுத் தலைவி பேனாவை மேஜையில் வைத்தார். "அப்போ மூணு வருஷமா நாங்க பார்த்த நம்பர்?"

"தப்பு மேடம். தப்பு என்னோடது."

அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து, "ஒப்புதல் கையெழுத்து என்னோடது" என்று கேட்டது. ஒருபக்கமா! திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

முடிவு: ஆறு மாதம் தள்ளிவைப்பு. படிவத்தைத் திருத்தி மறுபடி எண்ண வேண்டும். நூறுக்கு எட்டுப் பேர் தேறாவிட்டால் ஃபோர் வீலுக்கு மூடுவிழா.

மார்ச் 18, புதன்

பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். கழிவறையில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து படிவத்தைத் திறந்தேன். இனி காலியாக விட்டால் காலியாகவே இருக்கும். ‘காரணம்’ என்று புதிதாக ஒரு கட்டம்; வந்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும்.

ஜூலை 22, புதன்

அக்காவின் வண்டி ஏற்றத்தில் நின்றுவிட்டது. டிராக்டரில் கட்டி இழுத்தார்களாம். அங்கிருந்து நேராக ஷோரூமுக்குப் போய் ஃபோர் வீலை மறுபடி கேட்டாளாம். என்னை அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

செப்டம்பர் 17, வியாழன்

நூறுக்கு ஒன்பது.

அடுத்த மாடலிலும் ஃபோர் வீல் உண்டு. முன்பதிவு செய்தால்தான் செய்வார்கள், ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். புகை விதிக்கான சான்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதவி பழைய பதவிதான்.

சாயங்காலம் ஒருபக்கம் ‘காரணம்’ கட்டங்களை அச்சடித்துக்கொண்டு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். பதினான்கு பக்கம். ஓரிடத்தில் விரலை வைத்தார். பெயரைப் பார்க்காமலே தெரிந்தது, அக்காதான்: ‘மாடு மேல இருக்கு. நான் கீழ இருக்கேன்.’

"இதுக்கு மேல சுருக்க முடியாதும்மா" என்றார்.