பேசக் கூடாது என்றார் வக்கீல்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் நலம். அண்ணன் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மருத்துவக் கவுன்சில் விசாரணைக்கு முன்பே உன் டாக்டர் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடிதம் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாய். சட்டம் தெரியாத நான் உனக்கு யோசனை சொல்லலாமா என்று தயங்கினேன். ஆகவே நேற்று நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் கதவைத் திறந்தால், உன்னிடம் கையில் ஆபரேஷன் செய்துகொண்டு, பிறகு உன்மேல் புகார் கொடுத்த தையல்காரர் நிற்கிறார். அவரோடு ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று நம் வக்கீல் சொல்லியிருக்கிறாரே. வாயை இறுக மூடிக்கொண்டு நாற்காலியைக் காட்டினேன். எனக்குப் பேச்சு வராது என்று அவரே முடிவுசெய்து, ஜாடை காட்டி, சத்தமாகப் பேச ஆரம்பித்தார்.

“டாக்டரம்மா எப்ப வருவாங்க? ஆபரேஷனுக்கு அப்புறம் மரத்துக் கிடந்த ரெண்டு விரல்லயும் இப்ப ஊசி குத்துனா சுருக்குங்குது. அவங்ககிட்ட காட்டணும்” என்றார். “கேஸ் வேற, கை வேற. கேஸை விடமாட்டேன். விரல் மரத்துப் போகலாம்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்ல? அதுக்குத்தான் கேஸு. வைத்தியத்துக்கு இல்ல” என்றும் சொன்னார்.

என் சட்டையில் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை. காலரில் குத்தியிருந்த ஊசியை உருவி, அந்தக் கையாலேயே தைத்தார். நடுவில் ஊசி நழுவியது, மறுபடி எடுத்துக்கொண்டார். முடிந்ததும் என்னையறியாமல் “ரொம்ப நன்றிங்க” என்றுவிட்டேன்.

“பேசுவீங்களா பெரியவரே? இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்துனேனே” என்றார். உள்ளே அம்மா சிரித்தது கேட்டது. அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

உடனே வக்கீலிடம் சொல்லிவிட்டேன். “நன்றி சொன்னதுக்கெல்லாம் தண்டனை இல்ல, விடுங்க” என்றார். விசாரணை முடியும்வரை நீ அந்தக் கையைப் பார்க்கக் கூடாதாம். அதுவரை வேறொரு டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்வாராம். பதிவைக் கொடுத்துவிட்டால் நீ பிறகும் பார்க்க முடியாது.

விரல் மரத்துப் போகலாம் என்று ஆபரேஷனுக்கு முன்னால் அவரிடம் சொன்னாயா, விட்டுப்போயிற்றா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் உள்ளதை விசாரணையில் சொல். தண்டனை வந்தால் வரட்டும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

பொத்தான் கொஞ்சம் கோணல்தான். இழுத்துப் பார்த்தேன், பிடிப்பாக இருக்கிறது. விசாரணை அன்று அதே சட்டையில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கடிதத்தை அனுப்பாமல் வந்து சேர், கண்ணே. உன் கைகள் நன்றாக இருக்கட்டும்.

உன் அப்பா