உலக முடிவும் கடைசிக் காம்பிராவும்

ஜனவரி 16, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்குப் பிறகு நல்ல வெயில். பறித்த தேயிலைக் கொழுந்து நாற்பத்தொரு இறாத்தல். இந்த மலையில் என்னை மிஞ்ச ஆளில்லை, இதில் என்ன அடக்கம்.

நாளை பௌர்ணமி, போயா லீவு. மறுநாள் ஞாயிறு. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு. இவரும் நானும் ஹோட்டன் சமவெளிக்கு. ஒரு ராத்திரி தங்கல். உலக முடிவு என்கிற பள்ளத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

கல்யாணமாகி எட்டு மாதம். காம்பிரா என்றால் ஒரே ஓர் அறை, அதில் நான்கு பேர்: அத்தை, மாமா, இவர், நான். குறுக்கே மறைப்புக்கு ஒரு பழைய சேலை. நாங்கள் சிரித்தால் அந்தப் பக்கம் மாமாவின் இருமல் வரும். அப்புறம் எங்கே சிரிப்பது.

எங்கள் லயத்து வரிசையில் கடைசிக் காம்பிரா காலி. அங்கே இருந்தவர்கள் கார்த்திகையில் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். திங்கள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெரிய கணக்கப்பிள்ளையிடம் பெயர் கொடுக்க வேண்டும். விட்டால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். அதற்குமுன் தனியாகப் போகிறோம் என்று இவர் அத்தையிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதமாக "சொல்லிக்கிறேன் புள்ள". ஸ்டோரில் தேயிலை அரைக்கிற மெசின் சத்தத்துக்கு மேலே கத்துகிற மனுசன், அம்மா முன்னால் வாயில் கொழுக்கட்டை.

மலை பார்க்கப் போகிறோம் என்றதற்கு அத்தை: "நாம பாக்காத மலையா? பொறந்ததுலருந்து மலையிலதானே கெடக்குறோம்."

கொழுந்துக் கூடையில்: கம்பளி 2. ரொட்டி 10. சம்பல். தேத்தூள், சீனி. கேத்தல். நெருப்புப்பெட்டி. விரித்துப் படுக்கப் படங்கு 2 (கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குத்துணிதான், கழுவிவிட்டேன்).

ஜனவரி 17, சனி

பண்டாரவளையில் ரயில். கூட்டம். கூடையைப் பார்த்து ஒரு பொம்பளை: "எங்கம்மா, அடுத்தவன் தோட்டத்துக்கா கொழுந்தெடுக்கப் போற?" "உலக முடிவுல எடுக்கப் போறேன்" என்றேன். பெட்டியே சிரித்தது. இவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

ஒஹிய ஸ்டேஷனில் இறங்கி ஏழு மைல் ஏற்றம். கூடையைத் தானே சுமப்பதாக இவர் பிடிவாதம். கயிற்றைத் தலையில் போடாமல் தோளில் போட்டுக்கொண்டார். ஆம்பளை தலையில் போட்டால் கௌரவம் குறையுமாம். இரண்டாம் மைலில் தோள் சிவந்துவிட்டது. மூன்றாம் மைலில் கௌரவத்தைக் கீழே வைத்தார். நான் எடுத்துத் தலையில் மாட்டி நடந்தேன். வெறும் கூடை மாதிரிதான் இருந்தது.

"மெதுவா போ புள்ள!"

"கங்காணி வெரட்டுனாத்தான் நடப்பீங்களா?"

மூன்று மணிக்குச் சமவெளி. புல், புல், புல். தேயிலையே இல்லாத மலையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். உருளைக்கிழங்கு போட்ட காலத்துப் பழைய மடுவம் ஒன்று, கொட்டகை மாதிரி. தங்கலாமா என்று காவலுக்கு இருந்த வாச்சரைக் கேட்டோம். சிங்களவர், நல்ல மனுசன். "பயம் இல்ல. மரைமான் மட்டும் வரும்."

குளிர், விரல் மடங்கவில்லை. இருந்தாலும் சத்தமாகப் பேசினோம். வாய்விட்டுச் சிரித்தேன். இரும யாரும் இல்லை. சந்தோஷமாக இருக்கிறது, எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

தப்படித்து எழுப்ப ஆளில்லாமலே பெரட்டு நேரத்துக்கு விழிப்பு. இவர் கம்பளிக்குள். புல்லெல்லாம் வெள்ளை. கேத்தல் தண்ணீரில் மெல்லிய ஐஸ். இவரை உலுக்கி எழுப்பினேன். திட்டிக்கொண்டே வந்தார்.

ஏழு மணிக்கு உலக முடிவு. மலை திடீரென்று நின்றுவிடுகிறது. அடுத்த அடிக்குத் தரையில்லை. எங்கேயோ கீழே தோட்டங்கள். லயங்கள் அரிசியில் கிடக்கும் கல் அளவு. அந்தக் கல்லுக்குள் நான்கு பேர், ஐந்து பேர் என்று நினைத்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது.

"இங்கேருந்து சொல்லிப் பாருங்க. யாருக்குக் கேக்கப் போகுது?"

கொஞ்சம் தயங்கினார். பிறகு பள்ளத்தைப் பார்த்து ஸ்டோர்க் குரலில்: "அம்மா! நாங்க தனியாப் போறோம்!" மூன்று தடவை. மூன்றாவது நன்றாகவே வந்தது. எட்டரைக்குள் மூடுபனி ஏறி எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. தூங்கியிருந்தால் ஒன்றும் பார்த்திருக்க மாட்டோம்.

திரும்பும்போது கூடையை இவர் வாங்கி, கயிற்றைத் தலையிலேயே போட்டுக்கொண்டார். ரயில் முழுக்க உதடு அசைந்தது. ஒத்திகை.

மாலை. ஐந்தரைக்கு வீடு. வாசலிலேயே இவர் தொண்டையைக் கனைத்து, "அம்மா..." என்றார். அதோடு சரி. உலக முடிவில் மூன்று தடவை வந்தது இங்கே ஒரு தடவை வரவில்லை. சரி, நானே சொல்லிவிடுவோம் என்று கூடையை இறக்கினேன்.

அப்போதுதான் பார்த்தேன். குறுக்குச் சேலை இல்லை. வெளியே கொடியில் காய்கிறது.

அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே: "நான் ஒன்னு சொல்றேன், ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது. கல்யாணம் கட்டி முப்பது வருசம். மொதல்ல மாமியா, அப்புறம் புள்ளைங்க, இப்ப நீங்க. நானும் ஒங்கப்பாவும் தனியா இருந்தது நேத்து ஒரு நாளுதான்." விறகை உள்ளே தள்ளிவிட்டு, "அந்தக் கடைசிக் காம்பிரா சும்மாதானே கெடக்கு? நாளைக்குப் பெரட்டுல பேரக் குடுத்துருங்க."

மாமா இருமவில்லை. தலையைக் குனிந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். எப்போதோ ஆறிப்போன தேத்தண்ணி.