பஞ்சாப் நடனமும் பின்வரிசைச் செல்வியும்

19-11-79, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். ஒருமைப்பாட்டு விழாவுக்கு நாலே நாள். பஞ்சாப் நடனம் என் தலையில். தையல் டீச்சருக்கு வேறென்ன வேலை என்று வருஷா வருஷம் ஒரு மாநிலத்தைக் கட்டிவிடுவார்கள். புதுத் தலைமையாசிரியை (இனி த.ஆ., அவளுக்கு அவ்வளவு போதும்) மிரட்டுகிறாள்: "இந்தத் தடவையும் கோலாட்டமே ஆட வெச்சீங்கன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து சரோஜா டீச்சர் பாத்துக்கட்டுங்க." சரோஜா வந்து ஆறு மாசம். சயின்ஸ். முகத்தில் அரை டப்பா பவுடர்.

எனக்குத் தெரிந்தது கோலாட்டம்தான். காஷ்மீருக்கும் அதுதான், அஸ்ஸாமுக்கும் அதுதான். உடுப்பை மாற்றினால் மாநிலம் மாறிவிடும். பத்து வருஷமாக எவனும் கேட்டதில்லை, இவள் கேட்கிறாள். கோலில் ஜிகினா சுற்றிவிட்டால் தெரியாது.

வாங்க: ஜிகினா, ஊசி, சுக்கு.
தலைப்பாகைக்கு ஆளுக்கொரு துண்டு கொண்டுவரச் சொல்ல.

20-11, செவ்வாய்

ஏழாம் வகுப்பு செல்வியின் அப்பன் தங்கவேல், லாரி டிரைவர். ஒத்திகையை ஜன்னலில் நின்று பார்த்துச் சிரித்தான்.

"ஏனுங்க டீச்சர், அங்க பொம்பளைங்க தலப்பாக் கட்டறதில்லீங்க."

எங்கே என்றேன்.

"லூதியானாவுலீங்க. மாசம் ஒருக்கா லோடு போறனுங்க. கண்ணாலத்துல பாத்திருக்கறன். வட்டமா நின்னு கையத் தட்டிப் பாடுவாங்க, ஒருத்தி நடுவுல போய் ஆடுவா. நம்ம கும்மியாட்டமேதானுங்க."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. வண்டியைப் பாருங்க, ஆட்டத்தை நான் பார்த்துக்கறேன் என்றேன். "சரிங்க" என்று போய்விட்டான். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

செல்வியைப் பின்வரிசையில் தள்ளினேன்.

22-11, வியாழன்

குழாயில் தண்ணீர் இல்லை. மத்தியானம் வேப்பமரத்தடியில் செல்வி மற்றவர்களுக்குக் கைதட்டி ஆடிக் காட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா ஊட்டு வாசல்ல ஆடிக் காட்டுனாருங்க டீச்சர்." மீசை வைத்த ஆள், பொம்பளை ஆட்டம்! காதைத் திருகினேன். நகம் பட்டுவிட்டது. அவ்வளவு திருகியிருக்க வேண்டாம்.

23-11, வெள்ளி

விழா. கல்வி அதிகாரி முன்வரிசையில். சரோஜா பட்டுப்புடவையில், யாருக்குக் கல்யாணமோ. அவள் பழக்கிய கேரள நடனத்தில் ஒரு முண்டு மேடையிலேயே அவிழ்ந்தது. பரம திருப்தி.

பிறகு பஞ்சாப். நாலு தட்டுத் தட்டுவதற்குள் கரண்ட் போய்விட்டது. இசைத்தட்டு இழுத்து இழுத்து நின்றது. பிள்ளைகள் கோலும் கையுமாக முழித்தார்கள். த.ஆ. சரோஜாவைத் திரும்பிப் பார்த்தாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பின்வரிசையில் கைதட்டல். செல்வி. தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடுவில் வந்தாள், வாயில் ஏதோ புரியாத பாட்டு. மற்றவர்கள் கோலைப் போட்டுவிட்டு வட்டம் கட்டினார்கள். கும்மி தெரியாத பெண் இந்தப் பக்கம் உண்டா? வேலிக்கு அப்பால் நின்ற லாரிக்காரர்கள் "பல்லே பல்லே" என்று கூச்சல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் மட்டும் தாளம் போட்டது. நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. எழுதிவிட்டேன், போதும்.

அதிகாரி மேடைக்கே வந்துவிட்டார். "அசல் பஞ்சாப்! யாரும்மா கத்துக் கொடுத்தது?"

"நான்தான் சார்."

செல்வி பக்கத்தில்தான் நின்றாள். காதில் நகத்தடம். சால்வை எனக்கு. அடுத்த வருஷமும் நீங்களே என்றாள் த.ஆ.

26-11, திங்கள்

வெயில். பள்ளி வாசலில் தங்கவேல், மகளோடு. சண்டைக்குத்தான் என்று நாலு வார்த்தை தயாராக வைத்துக்கொண்டு போனேன். கும்பிட்டான்.

"வெள்ளிக்கெழம லோடுங்க, பாக்கக் குடுத்து வெக்கல. டீச்சர்தான் நடுவுல போய் ஆடச் சொன்னாங்கன்னு புள்ள சொல்லுச்சுங்க. நான் வெளையாட்டுக்கு ஆடிக் காட்டுனதப் பெருசா எடுத்து மேடையேத்தி உட்டுட்டீங்க. நாளைக்கு லூதியானா போறனுங்க. உங்களுக்கு என்ன வாங்கியாரட்டுங்க?"

செல்வி அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தாள்.

ஒன்றும் வேண்டாம் என்றேன். தொண்டை சரியில்லை. சுக்கு வாங்க மறந்தாச்சு.

ரெண்டு பேரில் ஒருத்தராவது திட்டியிருக்கலாம், பாவிகள்.