சோதனை மேசையில் என் வாய்

மே 4, ஞாயிறு

ஆரணி, சேவூர் மற்றும் சுற்றுவட்டார மக்களுக்கு அறிவிப்பது யாதெனில்: இளவரசன் ஆகிய எனக்கு பாஸ்போர்ட் வந்துவிட்டது. போட்டோவில் திருடன் மாதிரி இருக்கிறேன் என்றார் அப்பா. மாதிரியா என்று கேட்டாள் அம்மா. வரலாறு இவர்களை மன்னிக்காது.

பதினைந்தாம் தேதி சென்னையிலிருந்து சிங்கப்பூர். அங்கே இருக்கும் துர்கா அக்காவுக்கு இருபதாம் தேதி ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கிறார்கள். அக்கா வீட்டுக்காரர் அன்பரசு மாமாவுக்கு அம்மா இல்லை. அக்காவைப் பார்த்துக்கொள்ள எங்கள் அம்மாதான் போயாக வேண்டும். தறியில் கல்யாணச் சேலை பாதியில் நிற்பதால் அப்பாவால் நகர முடியாது. வேலூரைத் தாண்டாத அம்மாவுக்குத் துணை, பிளஸ் ஒன் முடித்த நான். யூடியூபில் பதினோரு வீடியோ பார்த்துவிட்டேன். இனி ஏர்போர்ட்டுக்கே நான் பாடம் எடுப்பேன்.

மே 7

இன்று வீட்டில் ஒத்திகை. கட்டிலுக்கு அடியில் ஸ்கேன் மிஷின். என் கையில் சோதனைக் கருவி, அதாவது பூப்பந்து மட்டை. அம்மாவின் மெட்டிக்கு ஒரு தடவை 'பீப்' என்று கத்தினேன், தாலிச் செயினுக்கு இரண்டு தடவை. பையிலிருந்த அதிரசத்தைப் பறிமுதல் செய்து அங்கேயே தின்று அழித்தேன். பக்கத்து வீட்டுத் தென்னரசு சுங்க அதிகாரி. ஏழு புதுச் சேலையையும் எண்ணிவிட்டு, அங்கே கடை வைக்கப் போறீங்களா என்று முறைத்தான். அம்மா பயந்து மூன்றாகக் குறைத்து, பில்லையும் கூடவே வைத்தாள்.

"அங்க எதனா கேட்டா நான் இன்னாடா சொல்றது?"

நீ வாயே திறக்காதே, எல்லாம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பாவம், தலையாட்டினாள். விமானத்தில் காற்று வேண்டுமென்றால் கண்டக்டரிடம் சொல்லி ஜன்னலைத் திறக்கலாம் என்றும் சொல்லிவைத்தேன். சாயங்காலம் வரை நம்பினாள்.

மே 11

லேகியம், ஊறுகாய் எல்லாம் பெரிய பெட்டிக்குள். கைப்பையில் சொட்டுத் தண்ணீர் கூடக் கிடையாது. என்ன ஒரு மூளை எனக்கு.

மே 15, விமானத்தில்

சோதனையில் சின்னச் சிக்கல். நான் பேசிச் சரிசெய்துவிட்டேன்.

மே 16

சிங்கப்பூர் சுங்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் முதலில் வயிறு வந்தது, பின்னால் துர்கா அக்கா வந்தாள். சென்னையில் அதிகாரிகள் சூழ்ந்ததையும் நான் இங்கிலீஷில் வெளுத்துக் கட்டியதையும் மாமாவுக்கு நடித்தே காட்டினேன். அம்மா அரிசி களைந்தபடி, "ஆமாங்க மாப்ள, இவன் இல்லன்னா நான் அங்கயே நின்னுகினு இருப்பேன்" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள்?

மே 21

நேற்றுப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். மாமா போனில் கூப்பிடுகிறவர்களிடம் எல்லாம் குழந்தையின் எடையைச் சொல்கிறார், அடுத்து என் வீரத்தைச் சொல்கிறார். அம்மா ஒவ்வொரு தடவையும் ஆமாம் போடுகிறாள். என்னால் தாங்க முடியவில்லை. இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

கைப்பை ஒழுங்காகத்தான் போயிற்று. திரைக்குப் பின்னால் பெண்களைச் சோதிக்கும் இடத்தில், அம்மாவின் இடுப்பிலிருந்து ஒரு சின்ன டப்பா வந்தது. சாம்பல். தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வாள். இருபது வருஷமாக அவள் இடுப்பிலேயே இருக்கும் டப்பா. அது இருப்பது அவளுக்கே நினைவில்லை. மெட்டிக்குக் கத்திய எனக்கும் தெரியவில்லை.

சோதித்த பெண் அதிகாரி அதை வெளியே கொண்டுவந்து மேசையில் வைத்து, இது என்ன என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "பாம் பவுடர் மேடம்" என்றேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் விமானத்தில் ஏறச் சொல்லி அறிவிப்பு ஓடுகிறது. சும்மா சொன்னேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன் — வார்த்தை வரவில்லை, மூக்குதான் ஒழுகியது. இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. அக்கா அங்கே தனியாக இருக்கிறாள், என் வாயால் அம்மா போக முடியாமல் ஆகிவிடும் என்பது மட்டும் தெரிந்தது.

அம்மா முந்தானைக் குஞ்சத்திலிருந்து இரண்டு இழை பிய்த்தாள். சாம்பலைத் தொட்டு இரண்டையும் சேர்த்து ஒரே முறுக்கு. அந்த அதிகாரியிடம் நீட்டினாள்.

"இழுத்துப் பாருங்கம்மா. நாங்க நெசவுக்காரங்க, இதுக்குத்தான் சாம்பல். பையனுக்கு வாய்க்கொழுப்பு, தப்புதான். என் பொண்ணுக்குப் பிரசவம், அவளாண்ட யாரும் இல்ல."

இழுத்துப் பார்த்தார். அறுபடவில்லை. சாம்பலையும் மிஷினில் சோதித்தார்கள். டப்பாவை அங்கேயே விட்டோம். இனி இப்படிப் பேச மாட்டேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுத எழுதக் காகிதம் நகர்ந்தது. அம்மா காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கடைசி ஆட்களாக ஓடி ஏறினோம்.

சாப்பாடு வந்தபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீ அழுதத யாராண்டயும் சொல்ல மாட்டேன். சாப்புடு."

இதுவரை சொல்லவில்லை. நாளைக்கு மாமாவிடம் நானே சொல்லிவிடப் போகிறேன். கொஞ்சமாகத்தான் அழுதேன் என்று.