நீ மீட்டுக் கொடுத்த வீட்டிலிருந்து

அன்பு நண்பா,

எழுத்துகள் மேட்டிலும் பள்ளத்திலும் நிற்கும், பொறுத்துக்கொள். கொழுந்து பறித்த விரல்களுக்குப் பேனா இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் எழுதுவது என் கைதான்! ரிங்லெட் தேவாலயத்தில் முதியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய்.

மழை விட்டு, ஃபேக்டரியிலிருந்து தேயிலை வாட்டும் வாசம் வந்தது. தோட்டத்து லய வீட்டிலிருந்து நீ பள்ளிக்கூடம் போன நாட்களில் உன் சட்டையிலும் அதே வாசம்தான். நான் மலைக்காட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். நீ லாயராகி, பிறகு சட்டமன்றத்துக்கும் போனாய். பேரைச் சொல்வதை விட்டு, ஊரே உன்னை மரியாதையாக ஒய்பி என்றது.

உன்னைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. திரிங்காப்பிலிருந்து பூ, கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் என்று உன் அலுவலகம் சந்தை மாதிரி இருக்கும். ஓய்வு பெற்றவர்கள் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது நான் உன்னிடம் வரவில்லை. கொண்டுவர ஒன்றும் இல்லை. நானும் என் வீட்டுக்காரி மேரியும் சாமான்களை மூட்டை கட்டிவிட்டோம். சேதி கேட்டு நீயே வந்து நின்றாய்.

“ஏண்டா வரல?”

“கையில ஒண்ணும் இல்ல, ஒய்பி.”

“ஒய்பியா? செருப்பு பிஞ்சிடும்! கோர்ட்டுல முட்டைக்கோஸா வந்து வாதாடப் போவுது? மூட்டைய அவுருடா.”

“அவரு போட்ட முடிச்சுண்ணே,” என்றாள் மேரி. “அவுக்க இன்னொரு கேஸு போடணும்லா.”

வழக்கு இழுத்தடித்தது. தீர்ப்பன்று இந்த வாசற்படியில் உட்கார்ந்து, “இனி உன்ன எவனும் கிளப்ப முடியாது” என்றாய்.

எவனும் கிளப்பவில்லை. மேரிதான் முதலில் போனாள், பிறகு நீ. பக்கத்து வீடுகளில் வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள். பார்த்தால் சிரிப்பார்கள், அதற்கு மேல் பேச்சு நகராது. பொழுது சாய்ந்தால் வீடு பெரிதாகிவிடுகிறது.

“அப்பா, கேஎல்லுக்கு வந்துடுங்கலா. அங்க யாரு இருக்கா?” என்கிறான் கோலாலம்பூரில் இருக்கும் மகன். யாரும் இல்லைதான். ஆனால் நாமே காலி செய்வதற்கா மேனேஜரை எதிர்த்து நின்றோம்? நேற்று வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டான். எனக்கு வாதாடத் தெரியவில்லை. அதற்கெல்லாம் நீதானே இருந்தாய்.

நீ ஜெயித்ததை எழுதவே ஒரு பகல் போய்விட்டது. தேர்தலில் நீ தோற்றதையும், அதன்பின் உன் வீட்டு வாசல் எப்படி வெறிச்சென்று கிடந்தது என்பதையும் இங்கே யாரும் பேசுவதில்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். அதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.